பிரான்சிலிருந்து ஜூரி கடிதம் வந்தால்: புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மா, ஓர் இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியை நீட்டியபடி வாசலில் வந்து நின்றார். பிரான்சில், பாரீஸ் அருகே சார்செலில் இருக்கும் மகன் தனக்கு வந்த கடிதத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். மேலே பிரெஞ்சுக் குடியரசின் சின்னம், அதன் கீழே நீதிமன்றத்தின் பெயர், நடுவில் 3,750 யூரோ அபராதம் என்று ஒரு வரி. “தம்பி, என் பிள்ளைமீது ஏதாவது வழக்கா?” என்று கேட்டபோது அவர் குரல் நடுங்கியது. மகனுக்குப் பிரெஞ்சு நன்றாகவே தெரியும். ஆனாலும் நீதிமன்றத்திலிருந்து கடிதம் என்றதும் அவனும் பயந்துபோய், படித்ததையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான்.

சொல்தா (பிரெஞ்சு ராணுவ வீரர்) பென்ஷன் கடிதம், எத்தா சிவில் (பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு) சான்றிதழ், நொத்தேர் (பத்திரம் எழுதும் சட்ட அலுவலர்) அனுப்பும் பத்திரம் என்று பிரெஞ்சுக் காகிதங்களைப் படித்துப் பொருள் சொல்வது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அவற்றுள் வீட்டாரை அதிகம் பயமுறுத்துவது இந்த ஜூரி கடிதம்தான். அந்த இளைஞன்மீது வழக்கு எதுவும் இல்லை. வேறொருவர்மீதான வழக்கில் நீதிபதிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல அவனை அழைத்திருந்தார்கள். இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அன்று சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நமக்கு ஏன் இது புதிதாகத் தெரிகிறது

இந்தியக் குற்றவியல் நீதிமன்றங்களில் இப்போது ஜூரி கிடையாது. ஆங்கிலேயர் காலத்தில் இருந்தது. 1958-இல் சட்ட ஆணையம் அதைக் கைவிடப் பரிந்துரைத்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லாமல் போயிற்று. 1959-இல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கே கடைசி ஜூரி வழக்கு என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல, அதன் பிறகும் சில இடங்களில் ஜூரி விசாரணைகள் நடந்தன. எப்படியானாலும், கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்ற வளாகத்தில் வழக்கு நடத்தியே தலை நரைத்தவர்கூட ஜூரியை நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

பிரான்சில் அப்படி இல்லை. கொலை போன்ற மிகக் கடுமையான குற்றங்களை விசாரிக்கும் ‘கூர் தசீஸ்’ நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளுடன் ஆறு குடிமக்கள் அமர்வார்கள். மேல்முறையீடு என்றால் ஒன்பது குடிமக்கள். இவர்களைத்தான் ‘ழூரே’ என்கிறார்கள். 2023 ஜனவரி முதல் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பதினைந்து முதல் இருபது ஆண்டுவரை தண்டனைக்குரிய குற்றங்களின் முதல் விசாரணை, ஐந்து நீதிபதிகள் மட்டுமே உள்ள வேறொரு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. 2024-இல் அவிஞோனில் 51 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்ற பாலியல் வன்முறை வழக்கை உலகமே கவனித்தது. அதில் ஜூரி இல்லாததற்கு இதுதான் காரணம். அந்த வழக்கில் ஒருவர் மேல்முறையீடு செய்தபோது, 2025-இல் நீம் நகரில் ஒன்பது ஜூரிகள் அமர்ந்தார்கள். ஆகவே உங்கள் பிள்ளைக்கு அழைப்பு வந்தால், அவர் கேட்கப்போவது இருபது ஆண்டுக்கு மேல் தண்டனை கிடைக்கக்கூடிய வழக்காகவோ மேல்முறையீடாகவோ இருக்கவே பெரிதும் வாய்ப்புண்டு. மனத்தை அதற்கேற்ப ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பெயர் எங்கிருந்து வருகிறது

வாக்காளர் பட்டியலிலிருந்து, சீட்டுக் குலுக்கி. யாரும் சிபாரிசு செய்வதில்லை, யாரும் பழிவாங்கப் பெயர் கொடுப்பதுமில்லை. “ஊரில் எத்தனையோ வெள்ளைக்காரர்கள் இருக்க, நம் பிள்ளையை ஏன் எடுத்தார்கள்?” என்று அந்த அம்மா கேட்டார். பட்டியலில் பெயர் இருந்தது, சீட்டில் வந்தது. அதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை.

இந்த முறை நமக்கு அந்நியமானது என்று நான் நினைக்கவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலையை நினைத்துப் பாருங்கள். கி.பி. 921-இல், முதலாம் பராந்தகன் காலத்தில், ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்க ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும், கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது என்றெல்லாம் விதி வைத்தார்கள். பிரெஞ்சுச் சட்டத்தைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இதுதான். அங்கே வயது இருபத்து மூன்றுக்கு மேல். எழுபது கடந்தவர் கேட்டால் விலக்கு உண்டு. அதே மாவட்டத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் ஜூரியாக இருந்தவர் மறுபடி வர வேண்டியதில்லை.

மற்றத் தகுதிகள்: பிரெஞ்சுக் குடியுரிமை இருக்க வேண்டும். பிரெஞ்சு மொழியில் எழுதவும் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். குடிமை உரிமைகள் பறிக்கப்பட்டிருக்கக் கூடாது, கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருக்கக் கூடாது. நீதிபதி, பணியிலிருக்கும் காவலர், நாடாளுமன்ற உறுப்பினர் ஆகியோர் ஜூரியாக முடியாது. பத்தாண்டு வசிப்பு அனுமதி அட்டை வைத்திருந்தாலும் குடியுரிமை இல்லாதவருக்கு இந்தக் கடிதம் வராது.

புதுச்சேரியிலேயே வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் தூதரகப் பட்டியலில் வாக்களிப்பவர்கள். ஜூரிக்கான சீட்டு பிரான்சின் கொம்யூன் (உள்ளாட்சி ஊர்) பட்டியலிலிருந்து எடுக்கப்படுவதால் அவர்களுக்கு அழைப்பு வருவதில்லை. சிக்கல் வருவது ஓய்வுபெற்றபின் பாதி ஆண்டு அங்கும் பாதி ஆண்டு இங்குமாக இருப்பவர்களுக்கு. பெயர் இன்னும் லா கூர்நவ்விலோ சார்செலிலோ இருக்கும், ஆளோ குளிருக்குப் பயந்து நவம்பரிலேயே ஊருக்கு வந்திருப்பார். கடிதம் பூட்டிய வீட்டின் பெட்டியில் கிடக்கும். அங்கே உங்கள் கடிதப்பெட்டியைத் திறந்து பார்க்க நம்பகமான ஒருவர் இருக்கட்டும். நிரந்தரமாக ஊர் திரும்பியவர்கள் தங்கள் பெயரைத் தூதரகப் பட்டியலுக்கு மாற்றிக்கொள்ளட்டும். ஒருவர் இரண்டு பட்டியலிலும் இருக்க முடியாது.

முதல் கடிதம்: மேரியிலிருந்து

‘மேரி’ என்றால் நகராட்சி அலுவலகம், புதுச்சேரிக்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 2014-இல் இடிந்து விழுந்து, மீண்டும் கட்டி 2021-இல் திறக்கப்பட்ட நம் கடற்கரைச் சாலைக் கட்டடத்தின் பெயரே அதுதான். பிரான்சில் ஒவ்வொரு கொம்யூன் மேரியும் ஆண்டுதோறும் தனக்குத் தேவைப்படுவதைப்போல் மூன்று மடங்கு பெயர்களைப் பொதுமக்கள் முன்னிலையில் சீட்டெடுக்கிறது. அந்தப் பட்டியல் ஜூலை 15-க்குள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஆகவே கோடையில் வரும் கடிதம் “உங்கள் பெயர் முதற்கட்டப் பட்டியலில் வந்திருக்கிறது” என்று மட்டுமே சொல்லும். மூன்றில் இருவர் இத்தோடு நின்றுவிடுவார்கள்.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியவை இரண்டு. தொழில் என்ன என்று கேட்டிருப்பார்கள், அதை எழுதி அனுப்புங்கள். விலக்கு வேண்டுமென்றால் செப்டம்பர் 1-க்கு முன் சாதாரணக் கடிதத்திலேயே கேட்கலாம். எழுபது வயது கடந்திருப்பதும், முதன்மை வசிப்பிடம் நீதிமன்றம் உள்ள மாவட்டத்தில் இல்லாததும் கேட்டாலே கிடைக்கும் விலக்குகள். கடும் நோய் போன்ற வலுவான காரணங்களைக் குழு தனியாகப் பரிசீலிக்கும். “மனிதனை மனிதன் தீர்ப்பிடக் கூடாது என்பது என் சமய நம்பிக்கை” என்று எழுதினால் விடமாட்டார்கள். சமயம் சார்ந்ததோ சாராததோ, அறநெறி மறுப்பு விலக்குக்குக் காரணமாகாது என்று சட்டமே சொல்லிவிட்டது.

பிரெஞ்சு படிக்கத் தெரியாத பெரியவர்கள் அதை இந்தக் கட்டத்திலேயே நேராக எழுதிவிட வேண்டும். கணவர் வேலையால் குடியுரிமை பெற்று, நாற்பது ஆண்டு அங்கே வாழ்ந்தும், கடையில் பேசும் அளவுக்கு மட்டும் மொழி தெரிந்த பாட்டிகள் நம் குடும்பங்களில் உண்டு. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். கொலை வழக்கின் மருத்துவர் சாட்சியத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்டு ஒருவருடைய ஆயுளைத் தீர்மானிப்பதுதான் பிழை.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். நம் காகிதங்களில் தந்தை பெயர் குடும்பப் பெயராகவும், சொந்தப் பெயர் பின்னாலும் இருக்கும். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே பெயரில் கடிதம் வந்ததாகக் குழப்பம் நேரும். பிறந்த தேதியைப் பார்த்து யாருக்குரியது என்று உறுதி செய்த பிறகே பதில் எழுதுங்கள்.

மௌனமான மாதங்கள், பிறகு அழைப்பு

செப்டம்பரில் ஒரு குழு கூடி, தகுதியில்லாதவர்களையும் விலக்குப் பெற்றவர்களையும் நீக்கிவிட்டு, மறுபடி சீட்டெடுத்து அடுத்த ஆண்டுக்கான பட்டியலைத் தயாரிக்கிறது. பொதுவாக 1,300 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. இதில் பெயர் வந்தாலும் அழைப்பு வந்தே தீரும் என்றில்லை. கூர் தசீஸ் ஆண்டு முழுதும் நடப்பதில்லை, அமர்வு அமர்வாகக் கூடும். ஒவ்வோர் அமர்வுக்கும் குறைந்தது முப்பது நாள் முன்பாக முப்பத்தைந்து பேரையும், மாற்றாகப் பத்துப் பேரையும் மூன்றாம் முறையாகச் சீட்டெடுக்கிறார்கள்.

அப்போது வருவதுதான் அந்த 3,750 யூரோ எழுதிய கடிதம். தக்க காரணமின்றி வராதவருக்கு அபராதம் என்று அது சொல்கிறது. வருபவருக்கு அந்தத் தொகையோடு எந்தத் தொடர்பும் இல்லை. தேதி, நேரம், நீதிமன்ற முகவரி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சார்செல்காரர் பொந்துவாஸுக்கும், லா கூர்நவ்காரர் பொபினிக்கும் போக வேண்டும்.

அன்றே முதலாளியிடம் கடிதத்தின் நகலைக் கொடுத்துவிடுங்கள். விடுப்பு மறுக்க அவருக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த நாள்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் அவருக்கில்லை. நாள்படியும் பயணச் செலவும் நீதிமன்றம் தரும். இழந்த சம்பளத்துக்கு ஈடும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். முதலாளியிடம் சம்பள இழப்புச் சான்று பெற்று நீதிமன்ற அலுவலகத்தில் கொடுங்கள். உணவகங்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பலர் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். அது சட்டம் தந்த உரிமை. அதைக் கேட்பதால் யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள்.

விமான டிக்கெட் எடுத்துவிட்டேன், தங்கை கல்யாணம் என்பவர்கள் டிக்கெட் பிரதியும் கல்யாணப் பத்திரிகையும் இணைத்து உடனே எழுதட்டும். முடிவு நீதிபதி கையில். பதில் வரும்வரை போக வேண்டும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலை

அடையாள அட்டை, அழைப்புக் கடிதம், ஒரு புத்தகம், மதியத்துக்கு ஏதேனும் உணவு. உடை எளிமையாக, மரியாதையாக இருந்தால் போதும். உடையைப் பற்றி எழுதும்போது நம் ஊரின் பொன்னுத்தம்பிப் பிள்ளை நினைவுக்கு வருகிறார். 1873-இல் இந்த வழக்கறிஞர் ஐரோப்பியரைப்போல் ஷூ அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் சென்றதற்காக அவர்மீது நடவடிக்கை எடுத்தார்கள். பாரீஸ்வரை போய் வென்றார். அந்த நீதிமன்றத்தில் நிற்கும் உரிமைக்கே போராட வேண்டியிருந்த மண்ணிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பிரெஞ்சு நீதிபதிகளுக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள். எனக்கு இது சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

பெயர் கூப்பிடுவார்கள். கலியபெருமாளும் தனலட்சுமியும் பிரெஞ்சு நாவில் வேறு யாருடைய பெயரோ போல ஒலிக்கும். கவனமாகக் கேளுங்கள், சந்தேகம் வந்தால் கை தூக்குங்கள். பிறகு தலைமை நீதிபதி விலக்குக் கோரிக்கைகளைக் கேட்பார், நடைமுறையை விளக்குவார். குற்றம் சாட்டப்பட்டவருக்கோ அவருடைய வழக்கறிஞருக்கோ உறவினரானால், அதே வழக்கில் சாட்சியாகவோ மொழிபெயர்ப்பாளராகவோ இருந்திருந்தால், இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். தமிழர் சம்பந்தப்பட்ட வழக்கானால் இதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். சின்னச் சமூகம் நம்முடையது. குற்றம் சாட்டப்பட்டவர் உங்கள் மச்சானின் பங்காளியாக இருக்கலாம்.

பெட்டியிலிருந்து பெயர் எழும் நேரம்

ஒவ்வொரு வழக்கின் தொடக்கத்திலும் சீட்டுப் பெட்டி மேசைமேல் இருக்கும். தலைமை நீதிபதி ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பார். பெயர் வந்தவர் எழுந்து நீதிபதிகளின் மேடையை நோக்கி நடப்பார். அந்தச் சில விநாடிகளுக்குள் “ரெக்யூசே” (மறுக்கப்பட்டார்) என்ற சொல் கேட்டால், அவர் நின்று, திரும்பி, வந்து உட்கார வேண்டியதுதான். குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு நால்வரை இப்படி மறுக்கலாம், அரசுத் தரப்பு மூவரை. மேல்முறையீட்டில் ஐந்தும் நான்கும். பாதிக்கப்பட்டவர் தரப்புக்கு இந்த உரிமை கிடையாது. மறுக்கப்படாத ஆறு பேர் மேடையேறியதும் ஜூரி அமைந்துவிடுகிறது. நீண்ட வழக்கென்றால் மாற்று ஜூரிகளையும் எடுத்து வைப்பார்கள். அவர்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள், ஆனால் ஆறு பேரில் யாராவது தொடர முடியாமல் போனால் ஒழிய வாக்களிக்கமாட்டார்கள்.

ஏன் மறுத்தார்கள் என்று சொல்லமாட்டார்கள். சொல்லக் கூடாது என்பதே சட்டம். அவர்கள் கையில் இருப்பது விசாரணைக்கு இரண்டு நாள் முன்பாவது தரப்படும் ஒரு பட்டியல். அதில் ஜூரிகள் இன்னார் என்று அறியப் போதுமான விவரம் இருக்கும், வீட்டு முகவரி இருக்காது. “குற்றவாளிக்கு நம் வீடு தெரிந்துவிடுமா?” என்று கேட்கும் தாய்மார்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இந்த மறுப்பு மனத்தைக் குத்தும். அந்த முத்தியால்பேட்டை இளைஞனும் முதல் வழக்கில் பாதி தூரம் நடந்தபின் மறுக்கப்பட்டான். “என் நிறத்துக்காகவா?” என்று அன்றிரவு என்னிடம் கேட்டான். பதில் எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. இளைஞர்கள் கூடாது என்று ஒரு வழக்கறிஞர் நினைத்திருக்கலாம், ஆண்கள் கூடாது என்று நினைத்திருக்கலாம், அவர் நினைத்தது நியாயமற்ற காரணமாகவும் இருக்கலாம். காரணம் கேட்காத முறையின் குறை இது என்றே நான் கருதுகிறேன். ஆனால் மறுநாள் அடுத்த வழக்குக்கு அவன் போயாக வேண்டும். போனான், ஐந்தாவதாகப் பெயர் வந்தது, யாரும் எதுவும் சொல்லவில்லை, உட்கார்ந்தான்.

யாரும் கேட்காத கேள்விகள்

இங்கேதான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். திரைப்படங்களில் பார்த்ததுபோல் வழக்கறிஞர்கள் ஜூரியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கேள்வி கேட்பது பிரான்சில் இல்லை. உங்களுக்கு எதன்மீது வெறுப்பு, வீட்டில் என்ன நடந்தது, போலீசைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒருவரும் விசாரிக்கமாட்டார்கள். அதனால் அந்தக் கேள்விகளை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், அழைப்பு வந்த நாளிலிருந்து.

என் குடும்பத்தில் யாராவது இப்படிப்பட்ட குற்றத்துக்கு ஆளானதுண்டா? குடித்துவிட்டு அடிக்கும் ஓர் ஆணைப் பார்த்து வளர்ந்தவனா நான்? அப்படியானால் மனைவியைக் கொன்றதாகக் கூறப்படும் ஒருவனின் தரப்பை என்னால் கேட்க முடியுமா? ஒரு சாதியையோ ஊரையோ நாட்டையோ சேர்ந்தவர் பொய் சொல்வார் என்று மனத்தின் அடியில் நம்புகிறேனா? “போலீஸ் பிடித்திருக்கிறது என்றால் ஏதாவது இருக்கும்” என்று சொல்லிப் பழகியவனா? பிணத்தின் புகைப்படத்தை என்னால் பார்க்க முடியுமா? வயதானவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து உறுதியாகப் பேசினால், மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவேனா?

கடைசிக் கேள்வி நம்மவர்களுக்கு முக்கியம். பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதே என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்த அறையில் மூன்று நீதிபதிகள் இருப்பார்கள், சட்டம் படித்தவர்கள். ஆனால் உங்கள் வாக்கும் அவர்கள் வாக்கும் ஒரே எடை. ஒரு தாளில் பதில்களை எழுதிப் பாருங்கள். சமாளிக்க முடியாத ஒன்று தென்பட்டால், முதல் நாள் காலையிலேயே தலைமை நீதிபதியிடம் தனியாகச் சொல்ல முயலுங்கள்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு

கடலூரிலிருந்து ஒரு நண்பர், நியூ ஜெர்சியில் இருக்கும் மகளுக்கு வந்த கடிதத்தைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டார். அங்கே நிலைமை நேர் எதிர். ஜூரியைக் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுப்பதே அங்கு ஒரு தனிக் கட்டம். அதற்கு ‘வொயர் டையர்’ என்று பெயர். சொல் என்னவோ பழைய பிரெஞ்சு, உண்மை பேசுதல் என்பது பொருள். சொல்லைத் தந்த நாட்டில் அந்த வழக்கம் இல்லை, வாங்கிய நாட்டில் இருக்கிறது.

முதலில் வருவது வினாத்தாள். அமெரிக்கக் குடிமகனா என்பது அதில் இருக்கும். மகள் பச்சை அட்டையிலோ எச்-1பி விசாவிலோ இருந்தால் ‘இல்லை’ என்று குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கடிதத்தைக் குப்பையில் போடக் கூடாது. தவறியும் ‘ஆம்’ என்று குறிக்கக் கூடாது. குடியுரிமை இருப்பதாகப் பொய் சொன்னதாகிவிட்டால் பின்னாளில் குடியேற்ற வழக்கில் பெருந்துன்பம் வரும்.

குடியுரிமை பெற்றவர், பதினெட்டு வயது நிறைந்தவர், ஆங்கிலம் தெரிந்தவர் என்றால் நீதிமன்றம் போக வேண்டும். அங்கே நீதிபதியும் பல இடங்களில் வழக்கறிஞர்களும் கேட்பார்கள்: இந்த வழக்கில் யாரையாவது தெரியுமா, குடும்பத்தில் காவலர் உண்டா, நீங்கள் குற்றத்துக்கு ஆளானதுண்டா, குற்றம் சாட்டப்பட்டவர் வாய் திறக்காவிட்டால் அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்வீர்களா. சுருக்கமாக, உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். எல்லார் முன்னிலையிலும் சொல்ல முடியாத அந்தரங்கம் இருந்தால், நீதிபதியிடம் தனியே சொல்ல அனுமதி கேட்கலாம். தப்பித்துக்கொள்வதற்காக இல்லாத வெறுப்பை இருப்பதாகச் சொல்லாதீர்கள். அது சத்தியம் செய்துவிட்டுச் சொல்லும் பொய்.

நடுநிலையாக இருக்க இயலாதவர் என்று காரணம் காட்டி நீக்கக் கோருவதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. காரணம் சொல்லாமல் நீக்குவதற்கு வரம்பு உண்டு. மத்திய நீதிமன்றத்தில் மரண தண்டனை இல்லாத பெருங்குற்ற வழக்கில் அரசுக்கு ஆறு, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்குப் பத்து. மாநிலங்களில் கணக்கு வேறு. அங்கும் ஒருவரை இனத்துக்காக நீக்கக் கூடாது என்று 1986-இல் பேட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலினத்துக்காகவும் கூடாது என்ற தீர்ப்பு 1994-இல் வந்தது. அப்படி நடந்ததாகத் தோன்றினால் மறுதரப்பு எழுந்து காரணம் கேட்கலாம். முத்தியால்பேட்டை இளைஞனின் கேள்விக்கு அங்கே பதில் கேட்க ஒரு வழியாவது இருக்கிறது.

“ஜூரிக்கு வரவில்லை, பணம் கட்டாவிட்டால் கைது” என்று தொலைபேசியில் யாராவது மிரட்டினால் அது மோசடி. நீதிமன்றம் அப்படிப் பணம் கேட்பதில்லை. இணைப்பைத் துண்டித்துவிடச் சொல்லுங்கள்.

சத்தியம், விசாரணை, வாக்கு

மீண்டும் பிரான்சுக்கு. மேடையேறிய ஆறு பேரும் நின்றபடி தலைமை நீதிபதி படிக்கும் உறுதிமொழியைக் கேட்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் நலனையும், அவர்மீது குற்றம் சாட்டும் சமூகத்தின் நலனையும், பாதிக்கப்பட்டவரின் நலனையும் கைவிடமாட்டேன். வெறுப்புக்கோ அச்சத்துக்கோ பாசத்துக்கோ செவிகொடுக்கமாட்டேன். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே என்பதை மறக்கமாட்டேன் என்பவை அதன் சாரம். ஒவ்வொருவரும் கை உயர்த்தி “சத்தியம் செய்கிறேன்” என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டும். எந்தச் சமய நூலும் கிடையாது.

வழக்கு ஆவணங்களை ஜூரிகள் கையில் தருவதில்லை. காதால் கேட்பதும் கண்ணால் பார்ப்பதும்தான். ஆகவே குறிப்பெடுங்கள். தலைமை நீதிபதியின் அனுமதியோடு சாட்சியிடமும் குற்றம் சாட்டப்பட்டவரிடமும் கேள்வி கேட்கலாம். கேள்வியில் உங்கள் அபிப்பிராயம் தெரியக் கூடாது. “நீ ஏன் அவளைக் கொன்றாய்?” என்று கேட்பது தவறு, “அன்று இரவு எங்கே இருந்தீர்கள்?” என்பது சரி. உச்சுக் கொட்டுவது, தலையை அசைப்பதுகூட ஆபத்து. வழக்கைப் பற்றி இணையத்தில் தேட வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம்.

முடிவில் ஒன்பது பேரும் ஓர் அறைக்குள் போவார்கள். தீர்ப்பு முடிவாகும்வரை வெளியே வர முடியாது. பேசியபின் ரகசியச் சீட்டில் எழுதி வாக்களிக்க வேண்டும். வெற்றுச் சீட்டு குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகவே எண்ணப்படும். குற்றவாளி என்று தீர்க்க ஒன்பதில் ஏழு வாக்கு வேண்டும். 2021-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் ஆறு போதுமாயிருந்தது. ஏழு என்றால் என்ன பொருள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். மூன்று நீதிபதிகளும் ஒருமித்தாலும் குறைந்தது நான்கு குடிமக்கள் சேராமல் யாரையும் தண்டிக்க முடியாது. எண்ணி முடித்ததும் சீட்டுகளை அங்கேயே எரித்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அந்த அறையில் யார் என்ன பேசினார்கள், யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதை ஆயுள் முழுதும் யாரிடமும் சொல்லக் கூடாது. மீறினால் ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் வரை போகலாம். திறந்த நீதிமன்றத்தில் எல்லாரும் கேட்டதைப் பற்றிப் பேசுவதற்கு இந்தத் தடை இல்லை. வீட்டார் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு, துருவித் துருவிக் கேட்காமல் இருப்பது அவர்களுக்குச் செய்யும் உதவி. பார்த்தவையும் கேட்டவையும் பல நாள் தூங்கவிடாது. மருத்துவரிடம் மனநிலையைப் பற்றிப் பேசலாம், அதற்கும் தடை இல்லை.

அந்த அம்மா வழக்கு முடிந்த ஞாயிற்றுக்கிழமை மகனிடம் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன். “என்னப்பா முடிவு சொன்னீர்கள்?” என்று கேட்க வாயெடுத்தவர், என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு, “சாப்பிட்டாயா?” என்று கேட்டார்.